நீச்சல்குளப் படியில் சாயா நிறக் கறை, ஆசிட் போட்டுக் கழுவியும் மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது

விளைவீடு (குலசேகரம் பக்கம்) கேட்டது:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் விளையில் (தோட்டத்தில்) சின்னதாக ஒரு நீச்சல்குளம் இருக்கிறது. நீளம் 7 மீட்டர், அகலம் மூன்றரை மீட்டர், ஆழம் ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.4. ஏறக்குறைய 29,000 லிட்டர் பிடிக்கும். சுவரிலும் தரையிலும் வெளிர்நீலச் சின்ன ஓடு பதித்தது. இறங்குகிற படிகள் மட்டும் வெள்ளை சிமெண்டுப் பூச்சு.

ஆடம்பரத்துக்குக் கட்டியதில்லை. என் மனைவிக்கு இரண்டு முட்டிலும் தேய்மானம். தரையில் நடந்தால் வலி, தண்ணீருக்குள் நடந்தால் பாரம் குறையும் என்று டாக்டர் சொன்னார். மஸ்கட்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்ததில் ஒரு பங்கைப் போட்டுக் கட்டினேன். தினமும் காலையில் அரைமணி நேரம் அவள் இதற்குள் நடக்கிறாள். அதனால்தான் இந்தக் கறை விஷயத்தில் இவ்வளவு கவலைப்படுகிறேன்.

இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. தண்ணீர் பழைய கிணற்றிலிருந்து. இந்தத் தடவை பிப்ரவரியிலேயே கிணறு ஏறக்குறைய வற்றிவிட்டதால், 260 அடி போட்ட போர் தண்ணீரை விட ஆரம்பித்தேன். குழாயில் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது. குளோரின் தூள் போட்ட அன்று சாயங்காலம் பார்த்தால் லேசாக மஞ்சளடிக்கும். ஃபில்டர் ஓடினதும் தெளிந்துவிடும். அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் பார்த்தபோது கறை ஒரே மாதிரியாகவும் இல்லை. படிகளில் பால் விடாத சாயாவைக் கொட்டித் துடைத்த மாதிரி பழுப்பு. தண்ணீர் உள்ளே வரும் வாய்க்குக் கீழே அது விசிறி மாதிரி விரிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் கையில் ஒன்றும் ஒட்டாது, பிரஷ் போட்டாலும் அசையாது. ஆழமான பக்கத்தில், பக்கத்துத் தோட்டத்து ரப்பர் இலை விழுந்து கிடந்த இடமெல்லாம் இலை மாதிரியே கறுப்பாகப் பதிந்திருக்கிறது. ஒரு காம்பில் மூன்று இலையாக, நடு நரம்புகூடத் தெரிகிறது. ஏணிக் கால் பதித்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துரு. இரண்டாம் படியின் ஓரத்தில் மட்டும் பச்சை கலந்த நீலம், செம்புக் குடத்தில் களிம்பு பிடித்த மாதிரி.

ஒரு ஆளைக் கூப்பிட்டேன். தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டு, ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றித் தேய்த்தார்கள். அன்றைக்குப் புதிதாகக் கட்டிய மாதிரி பளிச்சென்று இருந்தது. மறுபடி போர் தண்ணீரையே நிரப்பினோம். மூன்றாவது வாரம் பழுப்பு திரும்ப வந்துவிட்டது. அதோடு ஓட்டுக்கு நடுவில் இருந்த சிமெண்டை ஆசிட் அரித்து, படியும் சொரசொரப்பாகிவிட்டது. இவள் உள்ளங்காலில் கீறல். "கறை கெடந்தா கெடக்கட்டும், இனி ஆசிட் மட்டும் வேண்டாம்" என்கிறாள்.

இது என்ன கறை, ஆசிட் இல்லாமல் போகுமா, அவள் இறங்கி நடக்கிற தண்ணீரில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது? இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்குவதற்குள் சரிசெய்ய ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வடசேரி வாசி எழுதியது:

அண்ணே, குளோரின் அளவைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் மாமா வீட்டுக் குளத்தில் பிலா இலை விழுந்து இதே மாதிரிக் கறுப்பாகப் பதிந்திருந்தது. ராத்திரி ஒரு மடங்கு அதிகம் போட்டு மோட்டாரை ஓடவிட்டோம். இரண்டு நாளில் வெளுத்துவிட்டது. ஆசிட் எல்லாம் தேவையே இல்லை.


குளம் பராமரிப்பு, கன்னியாகுமரி எழுதியது:

அண்ணாச்சி, குளோரினைக் கூட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். வடசேரி அண்ணன் சொன்னது இலைக்கறைக்குச் சரி. உங்கள் படியில் இருப்பதற்கு அது நேர் எதிரான வேலையைச் செய்யும். நான் பதினாறு வருடமாக இங்குள்ள லாட்ஜ், வீட்டுக் குளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். போர் தண்ணீர், வரும்போது தெளிவு, குளோரின் பட்டதும் மஞ்சள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அது இரும்பு. இரும்பு உள்ள தண்ணீரில் குளோரின் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வேகமாகத் துருவாக மாறிப் படியில் உட்காரும்.

ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வதை வைத்து மருந்து வாங்காதீர்கள். முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும், செலவு குறைந்த வேலைதான். மெடிக்கல் ஷாப்பில் சப்பிச் சாப்பிடுகிற வைட்டமின் சி மாத்திரை, 500 மில்லிகிராம், ஒரு அட்டை வாங்குங்கள். தண்ணீருக்குள் படியில் சாயா நிறம் உள்ள இடத்தில் ஒன்றை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். எடுத்ததும் அந்த இடம் வெளுத்திருந்தால் இரும்புக்கறை, சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது இலைக்கறை. பழைய சாக்ஸில் இரண்டு கரண்டி குளோரின் தூளைப் போட்டுக் கட்டி, கயிற்றில் இறக்கி அந்த இலை வடிவத்தின்மேல் வையுங்கள். கால்மணி நேரம் போதும். வெளுத்தால் இலைச்சாறு. இரண்டு சோதனையையும் ஒரே இடத்தில் செய்யாதீர்கள், ஒன்றை ஒன்று கெடுக்கும்.

அந்தப் பச்சை நீலத்தைப் பற்றி ஒரு கேள்வி. பாசிக்கு என்று துருசு (காப்பர் சல்பேட்) ஏதாவது போட்டீர்களா? ரப்பர் தோட்டம் பக்கத்தில் இருக்கிறது என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், நான் கண்ணால் பார்த்தது. ஆசிட் வைத்திருந்த வாளியைக் கழுவாமல் அதிலேயே ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்த ஒரு பையன் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தான். ஆசிட்டும் ப்ளீச்சிங்கும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். கடையில் விற்கிற குளோரின் மாத்திரையையும் குளோரின் தூளையும் ஒரே டப்பாவில் கலப்பதும் அதே போல ஆபத்து, தீப்பிடிக்கும்.


விளைவீடு எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்னபடி இன்று காலையில் செய்து பார்த்தேன். முழுக்க எழுதுகிறேன்.

மாத்திரையை மூன்றாம் படியில் வைத்து அறுபது எண்ணும்வரை பிடித்தேன். ஆரஞ்சு நிறமாக விரலைச் சுற்றிக் கரைந்து போனது. கையை எடுத்தால், சாயா நிறத்துக்கு நடுவில் மாத்திரை அளவுக்கு வட்டமாக வெள்ளை. ஓரம்கூட வெட்டியெடுத்த மாதிரி சுத்தம். ஆசிட்டும் இரும்புப் பிரஷும் போட்டு இரண்டு ஆட்கள் ஒரு நாள் பூராத் தேய்த்ததை ஒரு மாத்திரை செய்துவிட்டது. இவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிய முடியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாக்ஸ் விஷயம் பாதிதான் நடந்தது. இலையின் கறுப்பு போய்விட்டது, ஆனால் அதே இலை வடிவத்தில் இப்போது பழுப்பு நிற்கிறது. முன்னால் மையில் வரைந்த மாதிரி இருந்தது, இப்போது காவியில் வரைந்த மாதிரி. இது ஏன் என்று புரியவில்லை.

துருசு போட்டேன், உண்மைதான். போன வருடம் மழையில் பாசி பிடித்தபோது, தோட்டத்தில் தெளிக்க வாங்கி வைத்திருந்ததில் மிச்சம் என்று பக்கத்து விளை அண்ணன் கொடுத்தார். இரண்டு கைப்பிடியைப் படியில் நின்றே தூவினேன். பாசி போய்விட்டது. கறை அப்போதே வந்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை.

இவள் ஒன்று சொன்னாள், உதவுமா என்று தெரியாது. போர் தண்ணீர் விட ஆரம்பித்ததிலிருந்து கட்டன் சாயா போட்டால் சிவப்பாக வருவதில்லை, கறுத்துப் போகிறதாம். தூளை மாற்றிப் பார்த்தாளாம், அப்படியும் கறுப்புதான். கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவந்து போட்டால் பழையபடி சிவப்பாக இருக்கிறதாம். எனக்குச் சாயா குடிக்கும்போது தெரியவே இல்லை.


சயின்ஸ் டீச்சர், மார்த்தாண்டம் எழுதியது:

அண்ணா, அக்கா சொன்ன சாயா விஷயத்தில்தான் உங்கள் இலைக்கறைக்கும் பதில் இருக்கிறது.

தேயிலையில் டானின் என்று ஒரு துவர்ப்புச் சத்து உண்டு. அது இரும்போடு சேர்ந்தால் கறுப்பு மை. பழைய காலத்தில் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியது இதே முறைதான். ரப்பர் இலை, பிலா இலை, வாழைக்கறை எல்லாவற்றிலும் இந்தத் துவர்ப்பு இருக்கிறது. உங்கள் குளத்தில் இலை ஊறி அது வெளியே வந்தது, தண்ணீரில் இரும்பு தயாராக இருந்தது, இரண்டும் இலை கிடந்த இடத்திலேயே மையாகிவிட்டது. குளோரின் அந்த மையில் உள்ள இலைச்சத்தை எரித்துவிட்டது. இரும்பு மட்டும் அங்கேயே நின்று துருவாகத் தெரிகிறது. அதுதான் நீங்கள் பார்த்த காவி. இனி அதன்மேல் ஒரு வைட்டமின் சி மாத்திரையை வைத்துப் பாருங்கள், போய்விடும்.

போர் தண்ணீர் வரும்போது ஏன் தெளிவாக இருக்கிறது என்றால், அவ்வளவு ஆழத்தில் காற்று படாமல் இருக்கும் இரும்பு தண்ணீரில் கரைந்த நிலையிலேயே இருக்கும். வெளியே வந்து காற்றோ குளோரினோ பட்டதும் கரையாத துருவாக மாறும். வைட்டமின் சி அந்தத் துருவைத் திரும்பக் கரைகிற நிலைக்குக் கொண்டுபோகிறது. கவனியுங்கள், கறை படியிலிருந்துதான் போகிறது, இரும்பு குளத்தை விட்டுப் போவதில்லை. தண்ணீரில் இருக்கிறது. அப்படியே விட்டுக் குளோரின் போட்டால் திரும்ப வந்து உட்காரும். உங்களுக்கு ஆசிட் போட்ட பிறகு நடந்ததும் அதுதான். கழுவினார்கள், ஆனால் நிரப்பியது அதே தண்ணீர்.

நாகர்கோவிலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், போர் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்து இரும்பு அளவு கேளுங்கள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியிலும் பாத்திரத்திலும் கறை பிடிக்கும். உங்கள் வீட்டு வெள்ளைத் தோர்த்து (துண்டு) மஞ்சளித்திருக்கும், பாருங்கள்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். உங்கள் குளத்தின் மேற்பரப்பு இருபத்தி நாலரை சதுர மீட்டர். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால் 120 லிட்டர், வாரத்துக்கு 850 லிட்டர். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், இரும்பு போகாது. நீங்கள் ஈடுகட்டி விடுகிற ஒவ்வொரு 850 லிட்டரும் புதிதாக இரும்பைக் கொண்டுவருகிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தாலே வாரத்துக்கு 1.7 கிராம். இதனாலேயே மூன்று மாதத்தில் இருபது கிராம் இரும்பு துருவாவதற்குத் தயாராக உங்கள் குளத்தில் சேர்ந்துவிடும்.

ஆகவே கறையை எடுப்பதைவிட வாரம் 850 லிட்டர் நல்ல தண்ணீருக்கு வழி பார்ப்பதுதான் பெரிய வேலை. அது அவ்வளவு கஷ்டமும் இல்லை. மட்டுப்பா (மொட்டைமாடி) ஆயிரம் சதுர அடி இருந்தால் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டர் கிடைக்கும். மழைநீரில் இரும்பு இருக்காது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அதற்குப் பிறகு வருவதைப் பிடியுங்கள். மழை குறைவான ஜனவரி முதல் மே வரைக்கு, 1,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் ஒன்றைத் தனியாக வைத்து, போர் தண்ணீரை ஓட்டை போட்ட குழாய் வழியாக மழை மாதிரி அதில் விழச் செய்யுங்கள். ஒரு கரண்டி ப்ளீச்சிங் பவுடர் போட்டு ராத்திரி முழுக்க விட்டால் துரு அடியில் படியும். அடியிலிருந்து ஒரு சாண் விட்டு மேலே குழாய் வைத்து, மணல் வழியாக வடித்துக் குளத்துக்கு விடலாம்.

சிலர் தேத்தாங்கொட்டை உரைத்துப் போடச் சொல்வார்கள். கலங்கல் தண்ணீர் தெளிய அது நல்லதுதான், எங்கள் ஆச்சியும் பானையில் தேய்ப்பார். ஆனால் கரைந்திருக்கிற இரும்பு அதற்குக் கேட்காது.


குளம் பராமரிப்பு, கன்னியாகுமரி எழுதியது:

டீச்சர் சொன்னதை நான் வேலையில் கண்டு தெரிந்துகொண்டேன், காரணம் இன்றைக்குத்தான் புரிந்தது. அண்ணாச்சி, இனி செய்ய வேண்டிய வரிசையைச் சொல்கிறேன். வரிசை மாறினால் காசும் போகும், கறையும் திரும்ப வரும்.

குளோரின் வேலை முதலில், வைட்டமின் சி அதற்குப் பிறகு. ஏனென்றால் வைட்டமின் சி போட்ட பிறகு அதிகக் குளோரின் போடக்கூடாது. பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் இருக்கட்டும். சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு, 65 சதவீதக் குளோரின் தூள் 450 கிராமை வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றிலும் ஊற்றுங்கள். தூளைத் தண்ணீரில் போட வேண்டும், தூளின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. இரண்டு நாள் மோட்டார் ஓடட்டும். இலைகளின் கறுப்பு எல்லாம் காவியாகும். ஃபில்டரைப் பின்னோட்டம் விட்டு அலசிவிடுங்கள், பழுப்பாக வரும்.

அதற்குப் பிறகு குளோரினையே தொடாதீர்கள். வெயிலில் மூன்று நாலு நாளில் தானாகப் போய்விடும். சோதனைக் குழாயில் சொட்டு விட்டால் மஞ்சள் துளிகூட வராத அளவுக்கு இறங்க வேண்டும். கொஞ்சம் குளோரின் மிச்சம் இருந்தாலும் நீங்கள் போடுகிற வைட்டமின் சியை அது தின்றுவிடும், கறைக்கு மிச்சம் வராது. இந்த நாட்களில் பாசி வரும் என்று பயந்தால் செம்பு கலக்காத பாசிக்கொல்லி என்று கேட்டு வாங்குங்கள். துருசு வேண்டவே வேண்டாம்.

வைட்டமின் சி மாத்திரையாக வாங்காதீர்கள், அஸ்கார்பிக் ஆசிட் என்று தூளாகக் கிடைக்கும். பேரில் ஆசிட் என்று இருக்கிறதே என்று மைனி (அண்ணி) பயப்பட வேண்டாம், ஜூஸில் போடுவது. உங்கள் தண்ணீருக்கு 350 கிராம் தாராளம். முதலில் 200 கிராமைப் படிகளுக்கு மேலேயும் தண்ணீர் வாய்க்குப் பக்கத்திலும் தூவுங்கள். அரைமணி, ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். மிச்சத்தை இலை இருந்த இடங்களில் போடுங்கள். பி.எச். இறங்கும், உடனே ஏற்ற வேண்டாம்.

மறுநாள் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இறைத்து வெளியே விடுங்கள். கரைந்த இரும்பில் மூன்றில் ஒரு பங்கு அதோடு போகும். குளோரின் இல்லாத தண்ணீர், தென்னை மூட்டுக்குத் தாராளமாக விடலாம். தண்ணீர் இறங்கியதும் இரண்டாம் படி வெளியே தெரியும் அல்லவா, அப்போது அந்தக் களிம்புக் கறையைப் பாருங்கள். செம்புக்கு வைட்டமின் சி அவ்வளவாகக் கேட்காது. மளிகைக் கடையில் கிடைக்கிற லெமன் சால்ட்டை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்துத் துணியை நனைத்துப் பத்து நிமிடம் ஒட்டி வைத்துக் கழுவுங்கள். அதற்கு மேல் வைத்தால் சிமெண்டுப் பூச்சை அரிக்கும். முழுக்கப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், மங்கும்.

திரும்ப நிரப்புவது கிணற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ மட்டும். நிரப்பியதும் சீக்வெஸ்ட்ரன்ட் என்று குளச் சாமான் கடையில் கேட்டு வாங்கி, டப்பாவில் எழுதியிருக்கிற அளவு ஊற்றுங்கள். மிச்ச இரும்பை அது கட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளும், சுவரில் உட்கார விடாது. மாதம் ஒரு தடவை கொஞ்சம் சேர்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு நாள் கழித்துத் தினமும் 50 கிராம் என்று குளோரினைப் பைய ஆரம்பியுங்கள். முதல் சில நாள் போட்டது போன இடம் தெரியாது, மிச்சம் இருக்கிற வைட்டமின் சி அதைத் தின்னும். பதறி அள்ளிக் கொட்டிவிடாதீர்கள், எல்லா உழைப்பும் ஒரே ராத்திரியில் போகும். குளோரின் லிட்டருக்கு 1 மில்லிகிராமில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் நிற்கும்வரை மைனி இறங்க வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருப்பதால் கிருமி இல்லை என்று நினைக்கக்கூடாது.


குளச்சல்காரன் எழுதியது:

ஏணிக்காலில் உள்ள நாணயம் அளவு துரு வேறு கதையாக இருக்கலாம். ஏணியைக் கழற்றிக் காலைத் தொட்டுப் பாருங்கள். துரு ஏணியில் இருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம். காலில் துரு இல்லாமல் தரையில் மட்டும் வட்டமாக இருந்தால், ஏணியைப் பதிக்கத் துளை போட்டபோது உள்ளே இருக்கிற கம்பியில் தண்ணீர் இறங்கியிருக்கும். அதற்கு எந்த மருந்தும் நிற்காது, போட்டதும் போகும், பதினைந்து நாளில் திரும்ப வரும். அந்த இடத்தைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, திரும்பப் பூச வேண்டும். தள்ளிப் போட்டால் கம்பி ஊதி ஓடுகளையே உடைக்கும். கடற்கரையில் எங்கள் வீடுகளில் கூரையே அப்படித்தான் உதிர்கிறது.


விளைவீடு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆய்வகத்தில் கொடுத்த தண்ணீருக்கு முடிவு வந்தது. போர் தண்ணீரில் இரும்பு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். கிணற்றில் 0.2. டீச்சர், தோர்த்து விஷயமும் சரிதான். கரையில்லாத பக்கத்தை வெயிலில் பிடித்தால் மஞ்சள்.

தம்பி சொன்ன வரிசைப்படியே செய்தேன். குளோரின் இறங்க மூன்று நாள் ஆகும் என்றீர்கள், ஐந்து நாள் ஆனது, நடுவில் மேகமாக இருந்தது. சொட்டு விட்டு மஞ்சள் வராததை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் தூளைத் தூவினேன். காலை பத்து மணி, தண்ணீர் ஆடாமல் இருந்தது. தூள் வெள்ளையாக இறங்கிப் படியில் படிந்த இடத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாயா குடித்துவிட்டு வருவதற்குள் மூன்றாம் படியின் ஓரம் வெளுக்கத் தொடங்கிவிட்டது. மேகம் விலகுகிற மாதிரி அந்த வெள்ளை நடுவை நோக்கி வந்தது. தண்ணீர் வாய்க்குக் கீழே விசிறி மாதிரி இருந்ததுதான் கடைசியாகப் போனது, சாயங்காலம் ஆகிவிட்டது. இலைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பத்தாயிரம் லிட்டரை இறைத்துப் பன்னிரண்டு மூடு தென்னைக்கு விட்டேன். களிம்புக் கறைக்கு லெமன் சால்ட் மூன்று தடவை வைத்தேன். பாதிக்கு மேல் மங்கிவிட்டது, தெரிந்து பார்த்தால்தான் தெரியும். அதோடு நிறுத்திக்கொண்டேன், படி இன்னும் சொரசொரப்பாவதில் எனக்கு விருப்பமில்லை.

நிரப்புவதற்குக் கிணறு போதவில்லை. நல்ல வேளையாக ஜூன் முதல் வாரமே மழை பிடித்துக்கொண்டது. மட்டுப்பாவிலிருந்து வரும் குழாயை, முதல் இரண்டு மழையை விளைக்கு விட்டுவிட்டு, மூன்றாவது மழையிலிருந்து வலை கட்டிக் குளத்துக்குத் திருப்பினேன். மழைத்தண்ணீர் நிறையச் சேர்ந்ததில் பி.எச். 7-க்குக் கீழே போய்விட்டது. அப்படியே விட்டால் ஓட்டு இடைச் சிமெண்டைத் தின்னும் என்று தம்பி போனில் சொன்னார், சோடா உப்பு போட்டுச் சரிசெய்தேன்.

குளச்சல் அண்ணன் சொன்னது பலித்துவிட்டது. ஏணிக்கால் சுத்தமாக இருந்தது. வைட்டமின் சியில் போன அந்த வட்டம் சரியாகப் பதினாறாம் நாள் திரும்ப வந்தது. மழை முடிந்து தண்ணீர் இறைக்கும்போது கொத்திப் பூசுவதாகக் கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். படியையும் அப்போதே அவர் வழவழப்பாகப் பூசித் தருவார். அதுவரைக்கும் படியில் ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டிருக்கிறேன்.

சின்டெக்ஸ் டேங்க் வாங்கிவிட்டேன், ஜனவரிக்கு முன்னால் பொருத்த வேண்டும். ரப்பர் இலை உதிரும் இரண்டு மாதத்துக்குப் பச்சை நிழல்வலையும் மேலே கட்டப் போகிறேன். குளோரின் பத்து நாளாக 1 மில்லிகிராமில் நிற்கிறது, படி வெள்ளையாகவே இருக்கிறது.

அவள் திங்கட்கிழமையிலிருந்து இறங்குகிறாள். இன்றைக்கு இருபது சுற்று நடந்தாள். சாயாவுக்குத் தண்ணீர் மட்டும் இப்போதும் கிணற்றிலிருந்துதான் எடுக்கிறேன்.